அப்பாவின் யூனிபாரம்

செவ்வாய், இரவு

இதை யார் எடுத்தாலும் தயவுசெய்து அம்மாவிடம் காட்டாதீர்கள்.

சுமையை விமானத்தில் எங்கே ஏற்றினால் எரிபொருள் குறைவாகச் செலவாகும் என்று கணக்குப் போடுவதுதான் அப்பாவின் வேலை. இன்று நான் பள்ளி விட்டு வரும்போது, இனயம் கடற்கரையில் யூனிபாரத்தோடு மணலில் உட்கார்ந்திருந்தார்.

“இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் பாக்குது மக்கா. செலவு கொறஞ்சிட்டு, என்னையும் நிறுத்திட்டானுவ. அதுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்ததே நான்தான்” என்று சிரித்தார். “அக்காவுக்க கல்யாணம் முடியுற வரைக்கும் அம்மைக்கிட்ட சொல்லாத.”

அப்பாவின் அந்த வேலையைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அக்காவின் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் கேட்பார். நான் எப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பேன்?

அம்மா கதவைத் தட்டுகிறாள்.

“ஏட்டி, தொற. அப்பாவுக்க பேன்ட்டுல ஏன் இவ்வளவு கடல்மண்ணு?”