கற்றுக்கொடுக்கப் போன இடம்

நவ. 5, புதன். ஷ்கோடர், அல்பேனியா

காலையிலிருந்து மழை. துவைத்த துணி காயவில்லை.

இங்கே வந்து பத்து நாள். விடுதியில் ஹீட்டர் கெட்டுப்போனதால் முதல் நாளே ட்ரிட்டா தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். என்னிடம் வேலை கற்கும் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி. வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும். அம்மாவை "நனா" என்கிறாள். நானும் அப்படியே.

தெரிந்துகொண்டவை:
— செருப்பு வாசலில்தான், நம்மைப் போல. ஆனால் உள்ளே போட வேறு செருப்பு தருவார்கள். வேண்டாமென்றால் நனாவுக்குக் கோபம்.
— காபி சின்னக் கப்பில், அடியில் மண்டியோடு. மண்டியையும் குடித்துவிட்டேன். ஒரே சிரிப்பு.
— "ஆமாம்" என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுகிறார்கள். முதல் நாள் "புரிஞ்சுதா?" என்று சைகையில் கேட்டால் பன்னிரண்டு பேரும் அப்படி ஆட்டினார்கள். மூன்று தடவை முதலிலிருந்து சொன்னேன். பாவம், முதல் தடவையே புரிந்திருக்கிறது.
— எந்தப் பலகாரமானாலும் முதல் துண்டு விருந்தாளிக்கு.

வேலை: காருக்குள் போகும் ஒயர்க்கட்டைப் பலகையில் அடுக்கி டேப் சுற்றுவது. ஊரில் ஒரகடம் கம்பெனியில் ஒன்பது வருஷமாக நான் செய்வது. மணிக்கட்டைத் திருப்பி டேப்பை இழுக்கும் என் வழியை ட்ரிட்டா இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். பெருமையாக இருந்தது.

பாஸ்கர் அண்ணா போன் செய்தார். எங்கள் லைன் சூப்பர்வைசர், என்னை அனுப்பியவர். "இன்னா கலா, குளிரு தாங்குதா? நல்லா சொல்லிக்குடு. அவங்க கத்துக்கினா நமக்குத்தான் ஆர்டர் ஜாஸ்தி. நீ வந்ததும் நீதான் லைன் லீடர்."

நவ. 9, ஞாயிறு

மழை விட்டது. நனா முற்றத்தில் நெருப்பு மூட்டினார். ஃப்ளியா என்றொரு பலகாரம். நீர்த்த மாவைத் தட்டில் ஒரு சுற்று ஊற்றி, தணல் குவித்த இரும்பு மூடியால் மூடி, வெந்ததும் வெண்ணெய் தடவி, அதன்மேல் அடுத்த அடுக்கு. இப்படிப் பதினேழு எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். நாலு மணி நேரம். மூடியைத் தூக்கும் கொக்கியை என்னிடமே கொடுத்தார். முகமெல்லாம் சாம்பல். என் மகள் யாழினி பார்த்தால் சிரிப்பாள்.

முதல் துண்டு எனக்கு. பாதி தின்றிருப்பேன். நனா ட்ரிட்டாவிடம் ஏதோ சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். நனாவின் குரல் ஏறியது. நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று பயந்தேன்.

ட்ரிட்டா போனில் தட்டி, தமிழில் மாற்றி நீட்டினாள்.

"உங்கள் வேலை ஜனவரியில் இங்கே வருகிறது. உங்கள் ஊரில் அந்த லைன் மூடப்படும். நீங்கள் அறிவீர்கள் என்று நினைத்தோம்."

இரண்டு தடவை படித்தேன். போன் தப்பாக மாற்றியிருக்கும் என்று நினைத்தேன். அவள் மறுபடி தட்டினாள்.

"மேலாளர் சொல்லக் கூடாது என்றார். என் அம்மா சொல்கிறார், நம் ரொட்டியைத் தின்னும் விருந்தாளியிடம் மறைப்பது இந்த வீட்டுக்கு அவமானம். இது பேசா."

பேசா என்றால் வாக்கு. வாசற்படி ஏறி வந்தவரை இந்த வீடு கைவிடாது என்ற வாக்கு. நம் மொழியில் அந்த ஒலிக்கு வாய் திறக்காமல் இருப்பது என்று வருகிறது.

மீதித் துண்டைத் தட்டிலேயே வைத்தேன். நனா என் சாம்பல் கையை விடவே இல்லை.

நவ. 10, திங்கள்

டீ இடைவேளையில் பா. அண்ணாவுக்கு போன்.

"யார் சொன்னது? சும்மா கெளப்பி வுடுவாங்க கலா. அதெல்லாம் காதுல போட்டுக்காத."

"அண்ணா, என் தலமேல அடிச்சி சொல்லு."

"இன்னா நீ, என் மேல நம்பிக்கை இல்லியா?"

அடித்துச் சொல்லவில்லை.

எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. யாழினிக்குக் காது குத்தும்போது அவர்தான் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். தாய்மாமன் சீராகப் பட்டுப்பாவாடை எடுத்து வந்தார். வாலாஜாபாத்தில் எங்கள் தெருவே பார்த்தது.

இன்று கற்றுக்கொடுத்தேனா? கொடுத்தேன். கை தானாகப் போகிறது. ட்ரிட்டா மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. இத்தாலியில் தட்டு கழுவிவிட்டுத் திரும்பி வந்தவள். அவளுக்கும் ஒரு வேலை வேண்டும்.

நவ. 14, வெள்ளி

கிளம்பினேன். இருட்டோடு எழுந்து நனா ரொட்டி சுட்டிருந்தார். பஸ் நிற்கும் பாலம் வரை கூடவே நடந்து வந்தார். விருந்தாளியை வாசலோடு அனுப்புவது வழக்கம் இல்லையாம். பஸ் திரும்பும்வரை அங்கேயே நின்றார். ட்ரிட்டா அழுதாள். நான் அழவில்லை. இந்த அழுகையை வேறு யார் முன்னாலோ அழ வேண்டும் என்று தோன்றியது.

நவ. 17, திங்கள். ஒரகடம்

இங்கேயும் மழை. கேட் அருகே முழங்கால் தண்ணீர். யூனிஃபார்ம் நனைந்து முதல் ஷிப்ட்.

பா. அண்ணா ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆகஸ்ட்லயே தெரியும் கலா. எனக்கும் மேல இருந்து வாயத் தொறக்காதன்ட்டாங்க."

"அப்போ என்னை எதுக்கு அனுப்பின?"

"உன்ன மாதிரி யாருக்கு சொல்லிக்குடுக்க வரும்?"

இதைப் பாராட்டுப் போலவே சொன்னார்.

பிறகு: "டிசம்பர் முடியற வரிக்கும் பொண்ணுங்களுக்குத் தெரிய வாணாம். உனக்கு மட்டும் இருங்காட்டுக்கோட்டைல வேலைக்கு ஒரு எடம் சொல்லி வெச்சிருக்கேன். கம்முனு இரு."

நாற்பத்திரண்டு பேர் எங்கள் லைனில். பாதிப் பேர் தெற்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் எடம் கெடச்சிட்ச்சில்ல, வுடு" என்றார்.

நவ. 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கேன்டீனில், எல்லோரும் உட்கார்ந்த பிறகு, எழுந்து நின்று. இருங்காட்டுக்கோட்டை இடத்தையும் சேர்த்தே சொன்னேன்.

மாரிதான் முதலில் எழுந்தாள். மாரீஸ்வரி, திருநெல்வேலிப் பக்கம். பலகையில் எனக்கு எதிரே நிற்பவள். "வாங்கட்டி, ஆபீஸ்ல போயி கேப்போம்." எல்லோரும் போனோம். மேனேஜர் ஒன்றும் முடிவாகவில்லை என்றார். பக்கத்தில் பா. அண்ணா. மாரி அவரைப் பார்த்து, நிஜமா என்று கேட்டாள்.

அவர் சொன்னது, அப்படியே எழுதி வைக்கிறேன்:

"கலா இன்னா இன்னிக்குத்தான் தெரிஞ்ச மாதிரி பேசுது? போறதுக்கு முன்னாடியே எல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன். லீடர் போஸ்ட்டு குடுத்தா போறேன்னு அதுதான் சொல்லிச்சு."

"சத்தியமா தெரியாது" என்றேன்.

மாரி திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏக்கா, மூணு வாரம் அங்கன இருந்து சொல்லிக்குடுத்துட்டு வந்திருக்கிய. ஒண்ணும் தெரியாதுன்னு எங்ககிட்ட சொல்லுதிய. நாங்க நம்பணும்?"

பா. அண்ணா கையில் இருந்த பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

நவ. 19, புதன்

தூறல். யாழினிக்கு லேசான காய்ச்சல், பள்ளிக்கு அனுப்பவில்லை. இருங்காட்டுக்கோட்டைக்கு வரமாட்டேன் என்று பா. அண்ணாவுக்கு மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டார்.

கம்பெனி பஸ்ஸில் மாரி எனக்கு முந்தின ஸ்டாப்பில் ஏறுகிறவள். ஏழு வருஷமாக எனக்கு ஜன்னல் சீட்டைப் பிடித்து வைப்பாள். இன்று அந்தச் சீட்டில் அவள் பை. கிட்டப் போய் நின்றேன். எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேறு சீட்டும் காலியாக இருந்தது. ஒரகடம் வரைக்கும் அவள் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போனேன்.