இடது கையால் முடியாத விலை

8 நவம்பர் 1974, வெள்ளி
லேவார்டன் மாட்டுச் சந்தை. வியாபாரி வோப்கேயின் கறவை, மூன்றாம் ஈற்று, நல்ல மடி. இங்கே பேரம் என்றால் விலைக்கு விலை ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் அறைவது; அப்படி அறைந்து அறைந்து நெருங்கிவிட்டோம். கடைசி அறையும் இடது கையால்தான் போட்டேன். கயிற்றைப் பிடிக்கப் போனால், மாட்டை வேறொருவனுக்கு முடித்துவிட்டான்!

“இடது கையால அறைஞ்சா விலை முடிஞ்சிருமாடா ஹில்கே? வலது கைய எங்க, அடகு வச்சிட்டியா?”

சுற்றிலும் சிரிப்பு. வழக்கம் அவன் பக்கம். ஆனால் முதல் அறைக்கே சொல்லியிருக்கலாமே, திருட்டுப் பயல்.

9 நவம்பர்
செப்டம்பரில் லாரித் தகரம் வலது முன்கையைக் கிழித்தது. அறுந்த நரம்பைத் தைத்தார்கள். தைத்து என்ன? கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை கரைந்து பள்ளம். சுண்டுவிரல் மரக்கட்டை. தொடை இப்படி வற்றிய மாட்டை நான் பாதி விலைக்கும் தொடமாட்டேன்.

21 நவம்பர்
டாக்டர்: “நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். அது வந்து சேர்ற வரைக்கும் தசை தாங்கணும். ஒன்றரை வருஷம் போனா கொழுப்பும் நாரும் ஏறிடும். அப்புறம் நரம்பு வந்தும் பிரயோசனமில்ல.”

“சீக்கிரம் வளர என்ன தருவீங்க?”

“பொறுமையா இருங்க.”

இதைக் கேட்கவா ஒரு நாளைப் பாழாக்கினேன்?

3 ஜனவரி 1975, வெள்ளி
எனக்குப் பதில் மச்சான் சந்தைக்குப் போகிறான். இன்றும் கிழட்டு மாட்டைப் பிடித்து வந்தான். இப்படியே போனால் கொட்டில் மிஞ்சாது.

14 பிப்ரவரி
விரல்கள் மடங்கி இறுகாமல் என் மனைவி பௌக்யே தினமும் நீட்டிவிடுகிறாள். “முறைச்சுக்கிட்டே இருந்தா கை வளந்துடுமாங்க?”

முறைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

16 ஜூன்
ஆட்காட்டி விரல் பக்கவாட்டில் நகர்ந்தது. ஒரு தீக்குச்சி கனம். பௌக்யேயிடம்கூடச் சொல்லவில்லை.

20 ஜூன், வெள்ளி
நானே போனேன். வோப்கேயின் கிடாரி. வலது கையை நீட்டினேன்.

“பள்ளம் அப்படியே கெடக்கே. தீனி போடலையா?” வேண்டுமென்றே ஓங்கி அறைந்தான்.

சுண்டுவிரலில் சுரீர் என்றது! ஒன்பது மாதமாகச் செத்துக் கிடந்த விரல்.

அந்த விலையே எனக்குக் கட்டும். ஆனாலும் இன்னொரு அறைக்காக ஐந்து கில்டர் குறைத்துக் கேட்டேன். அறைந்தான். இன்னும் ஐந்து. அறைந்தான்.

“உனக்கென்ன பைத்தியமாடா? ஓட்டிக்கிட்டுத் தொலை.”

லாரிச் சாவியை வலது கையால் திருப்பினேன். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவதில் கிளம்பியது.