வாசலில் கிடந்த சப்பாத்து

கோப்பாய்

அன்புள்ளவருக்கு,

நாளை மறுநாள் கொழும்பில் விசா நேர்முகம். நீங்கள் சொன்னபடியே, நீங்கள் இருக்கிற லூசியானா மாநிலத்தைப் பாடமாக்கிவிட்டேன். தலைநகர் பேட்டன் ரூஜ். பூ மக்னோலியா. பறவை, எங்கள் கடலேரியில் நிற்கிறது மாதிரி ஒரு கூழைக்கடா.

அதிகாரி மாதிரி அண்ணை கேட்கக் கேட்க, தடக்காமல் சொன்னேன். கடைசியாக, "அவரோடை வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை, தனியத்தான்" என்றேன்.

பிறகுதான் நீங்கள் அனுப்பிய வீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கேயும் எங்கள் வழக்கப்படி காலில் போடுவதை எல்லாம் வாசலிலேயே கழற்றி வைக்கிறீர்கள். நல்லது. உங்கள் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் செருப்பு. நடுவில், என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னச் சிவப்புச் சப்பாத்துச் சோடி.

இனி லூசியானாவைப் பற்றி ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். அண்ணை கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

படத்தை அவருக்கு இன்னும் காட்டவில்லை.

இப்படிக்கு,
பதிவுத் திருமணம் மட்டும் முடித்த உங்கள் மனைவி