பின் சீட்டு உறக்கம்

குற்றாலம், 1958 ஆடி 6, இரவு.

இரண்டு வருடமாகச் செங்கல் மேல் நின்ற காருக்குப் போன வாரம்தான் சக்கரம் மாட்டினேன். சாரலில் ஈரம் ஏறிய ஸ்பார்க் பிளக்குகளைச் செல்லம்மா தோசைக்கல்லில் போட்டுச் சுட்டுத் தந்தாள். சாயங்காலம் ஹேண்டில் போட்டுச் சுற்றியதும் மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவளுக்கு நிறைமாதம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று பின் சீட்டில் ஏறினாள். நான் இன்ஜினை நிறுத்தப் போனேன்.

“நிப்பாட்டிராதிய. இந்தச் சத்தத்துக்குப் பிள்ளை உதைக்காமக் கெடக்கு” என்றாள்.

அப்படியே உறங்கிவிட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். கண்ணாடியில் சாரல் வழிய வழிய, முற்றத்துத் தென்னைகள் பின்னால் போவதுபோலத் தெரிந்தது. எவ்வளவு தூரம் போனோமோ. இன்ஜின் இருமி நின்றது.

“தென்காசி வந்துட்டமா?” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

“வந்துட்டோம்.”

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கென்று வாங்கிவைத்த பெட்ரோல் அத்தனையும் முற்றத்திலேயே தீர்ந்துவிட்டது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. விடிந்ததும் பெட்ரோலுக்குத் தகர டின்னைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் தென்காசி போக வேண்டும்.

உள்ளே பாய் சரசரக்கிறது. மூன்றாம் தடவையாகப் புரண்டு படுக்கிறாள்.