மருந்துக்கடை மாடியில் ஸ்பானிஷ்

ஜூன் 3, செவ்வாய்

ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். மருந்துக்கடை மாடி, ஒரே ஒரு மின்விசிறி, வெளிநாடு போகத் துடிக்கிற பிள்ளைகள். ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒருத்தி. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து வணக்கம் சொன்னாள், நான்தான் டீச்சர் என்று நினைத்து. நிஜ டீச்சர் என் மகள் வயது. மகள் என்று ஒருத்தி இருந்திருந்தால்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். மேற்படிப்பு, வேலை, ஒருவனுக்குக் காதல். என் முறை வந்தது. “எங்க அண்ணன்கூடப் பேசணும்” என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

அண்ணன் வாலிபத்திலேயே ஸ்பானிஷ் பேசுகிற நாட்டுக்குப் பிழைக்கப் போனவர். கப்பல் பட்டறையில் வெல்டர். அண்ணி காலமான பிறகு தனிக்கட்டை. பக்கவாதம் வந்ததும் கம்பெனிக்காரர்கள் விமானத்தில் ஏற்றி என்னிடம் அனுப்பிவிட்டார்கள். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது. அதைவிடக் கொடுமை, தமிழ் போய்விட்டது. ஸ்பானிஷ் மட்டும் நிற்கிறது. அபூர்வமாக இப்படியும் நடக்கும் என்கிறார் டாக்டர். அம்மா கற்றுக்கொடுத்த பாஷை போய், பிழைக்கப்போன இடத்தில் ஒட்டிக்கொண்டது நிற்குமாம். என்ன நியாயம் இது?

இத்தனை வருஷமும் ஞாயிறு தவறாமல் போன் செய்வார். ஊருக்கு வந்ததோ இரண்டே தடவை. என் முகம் அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை, குரல்தான் பழக்கம். இப்போதும் “அண்ணா” என்று கூப்பிட்டால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லி அழுகிறார். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. போனில் மொழிபெயர்க்கிற வசதியைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குழறலைக் கேட்டுவிட்டு, கோழி கதவைச் சாப்பிட்டது என்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

தம்பி வந்தான், மனைவியோடு. முதியோர் இல்லம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறானாம். “அக்கா, அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. அவர் உளறுறதுக்கு நீ வகுப்பு வேற போறே” என்றான். உளறல் இல்லை, பேச்சு என்றேன். சரி, அடுத்த மாசக் கடைசிக்குள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லட்டும், இல்லாவிட்டால் இல்லம்தான் என்று எழுந்துவிட்டான். அவன் மனைவியாவது ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

பல்செட் செய்கிற என் வேலையிடத்தில், அச்சுக்கு மெழுகு வைத்துக்கொண்டே பாடத்தை முணுமுணுத்தேன். என்ன மந்திரம் என்று கேட்கிறார் சூப்பர்வைசர். நாள் முழுக்க ஊரார் வாயைச் சரிசெய்கிறேன். வீட்டில் இருக்கிற வாய்க்கு ஒரு வழி தெரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஒன்றும் ஏறவில்லை. மண்டையில் களிமண்.

ஜூலை 8, செவ்வாய்

டீச்சர் ஒரு வழி சொன்னாள். வீட்டில் தமிழையே நிறுத்திவிட வேண்டுமாம், தப்போ சரியோ எல்லாம் ஸ்பானிஷில்தான். நிறுத்திவிட்டேன். “அண்ணா”வைக்கூட. இனி “எர்மானோ”. நாக்கு கூசுகிறது.

ஜூலை 19, சனி

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், காபி என்றார்! அடுப்படியில் நின்று அழுதேன். பால் பொங்கி வழிந்தது.

ஜூலை 27, ஞாயிறு

தம்பியை எதிரே உட்காரவைத்துக்கொண்டு அண்ணனிடம் ஸ்பானிஷில் கேட்டேன். கால் வலிக்கிறதா, ஜன்னலைச் சாத்தட்டுமா, பசிக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. தம்பி காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். இல்லத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கொஞ்ச நாளாக அண்ணன் அழுவதில்லை. மணிக்கட்டைப் பிடிப்பதும் இல்லை. தேறி வருகிறார் போலிருக்கிறது. மாத்திரை கொடுத்தால் நன்றி சொல்கிறார், கழிவறைக்குக் கூட்டிப்போனால் மன்னிப்புக் கேட்கிறார். தங்கைக்கு எதற்கு இதெல்லாம்?

செப்டம்பர் 4, வியாழன்

இன்று அவர் பேசியது முழுசாகப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தேன். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “நீங்க ரொம்ப நல்லவங்க. முன்னாடி என் தங்கச்சி தினமும் வருவா. இப்பல்லாம் வர்றதில்ல. அவளுக்கு என்மேல கோவமா?”

கை நின்றுவிட்டது. பாதி முகத்தில் நுரை.

நான்தானே அது. நான்தானே அண்ணா. குரலை வச்சுத்தான் என்னைத் தெரியும் உனக்கு, அந்தக் குரலையே நான் நிறுத்திட்டேன். உன்கிட்ட வரணும்னு படிச்சுப் படிச்சு யாரோ ஒரு பொம்பளையா ஆகிட்டேன். இப்படி யாராவது செய்வாங்களா?

செப்டம்பர் 5, வெள்ளி

லீவு போட்டேன். காலையிலிருந்து தமிழ்தான். அண்ணா, நான்தான் என்றேன். சைக்கிள் முன்கம்பியில் என்னை உட்காரவைத்து ஓட்டியதைச் சொன்னேன், அப்பாவிடம் எனக்காக அடிவாங்கியதைச் சொன்னேன். முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மெல்லச் சிரித்தார். பிறகு ஸ்பானிஷில் சொன்னார்: “எங்க தமிழ் உங்களுக்கு நல்லா வருதே. எங்க கத்துக்கிட்டீங்க?”

செப்டம்பர் 12, வெள்ளி

தினமும் பேசிப் பார்க்கிறேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

முதல் நிலை முடிந்தது. பிள்ளைகள் விசாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணனோடு பேசினீர்களா என்று காதல்காரப் பையன் கேட்டான். பேசினேன் என்றேன்.

அண்ணனிடம் இப்போதெல்லாம் நான் தங்கை என்று சொல்வதில்லை. சொன்னால் குழம்புகிறார், சாப்பாடு இறங்குவதில்லை. அவளுக்குக் கோபமில்லை, வேலை ஜாஸ்தி, உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் என்கிறேன். முகம் மலர்ந்துவிடுகிறது. உடனே அவளைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார். சின்ன வயதில் அவள் என்ன செய்தாள், அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்கெல்லாம் அழுவாள் என்று சாயங்காலம் முழுக்கச் சொல்கிறார். அதில் பாதிகூட எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் நிலைக்குச் சேர்ந்துவிட்டேன்.