குங்குமம் பட்ட கண்ணாடி

புரட்டாசி 14, செவ்வாய்

காலையில் தூறல். கயலின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆயுத பூஜை. இருந்தவர்கள்: நான், என் மகன் சேகர், அவன் மகள் கயல், அவளோடு வேலை செய்யும் பஷீர், அவர்களுக்கு மேலான பேராசிரியர் அம்மா. வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்று எழுதுகிறேன்.

கயல் காட்டினாள். நகம் அளவு தட்டைக் கண்ணாடி. மேலே கோடித் தூண்களாம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லேசரை அதன் வழியே விட்டால் சுவரில் சிவப்பு வளையம், நடுவில் கறுப்பு. மெதுவடை மாதிரி.

"வெளிச்சத்த கயிறு மாதிரி முறுக்கி அனுப்புறோம் ஆயா. எதிர்ல இன்னொரு கண்ணாடி கீது பாரு, அது முறுக்க பிரிக்கும். பிரிச்சா வளையம் புள்ளியாய்டும். ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு சேதி, கலக்கவே கலக்காது."

ஆனது. வடை போய் நடுவில் புள்ளி.

தொடக்கூடாது, ஊதக்கூடாது. பூஜைக்காக மேசைமேல் அந்தக் கண்ணாடிகள் இருந்த பெட்டியைத் திறந்து வைத்தார்கள். பூசணிக்காய் உடைக்க எல்லோரும் வெளியே போனோம். குடை எடுக்கத் திரும்பினால், சேகர் மேசையோரம் வேட்டி நுனியால் எதையோ துடைத்துக்கொண்டு நிற்கிறான்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லம்மா, நீ போ."

பிறகு பஷீர் பெட்டியைப் பூட்டினான். பொரி, சுண்டல். உப்பு இல்லை.

புரட்டாசி 20, திங்கள்

புழுக்கம். முழங்கால் வலி. கயல் சாப்பிடவில்லை. முறுக்கைப் பிரிக்கிற கண்ணாடி கெட்டுவிட்டதாம். வளையம் புள்ளியாகாமல் சிதறுகிறது. வியாழக்கிழமை முட்டுக்காட்டுக் காயலில் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வெளிச்சம் அனுப்பிக் காட்டவேண்டும். மாற்றுக் கண்ணாடி ஒன்றே ஒன்று.

பெட்டிச் சாவி பஷீரிடம் இருந்தது. அவன்தான் தொட்டுக் கெடுத்தான் என்று பேராசிரியர் அம்மா அவனை இனி வரவேண்டாம் என்றுவிட்டாராம்.

"அவன் இன்னா சொன்னான்?"

"நான் தொடல மேடம்னான். அவ்ளோதான்."

பஷீர் கோவளத்துப் பிள்ளை. பூஜையன்று படியில் என் கையைப் பிடித்து ஏற்றியவன். "மெதுவா ஆயா, மாடி எங்கயும் ஓடிப்போவாது" என்று கிண்டல் வேறு.

சேகர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

புரட்டாசி 21, செவ்வாய்

மாவு அரைத்தேன். பாதியில் கரண்ட் போனது. சேகரைக் கொல்லையில் பிடித்தேன்.

"அன்னிக்கி இன்னாடா தொடச்சிகினு இருந்த?"

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேம்மா. அத்த மட்டும் வுட்டா சாமி குத்தம் இல்லியா? வெச்சப்புறம் பயந்துபூட்டு தொடச்சிட்டேன்."

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன். அங்கே ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு.

"பொட்டு வெச்சது பக்தி. இப்ப வாய மூடிகினு கீறியே, இது இன்னா?"

"கயலு மூஞ்சில எப்பிடிம்மா முழிப்பேன்?"

"அந்தப் புள்ளயோட அம்மா மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது? வியாழக்கெழமைக்குள்ள நீ சொல்லு. இல்லனா நான் சொல்வேன்."

புரட்டாசி 23, வியாழன்

முட்டுக்காடு. பேய்க்காற்று. சேகர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்ததும் அக்கரையிலிருந்து வெளிச்சம் விட்டார்கள். பலகையில் வளையம் ஆடியது, ஆடியது. மாற்றுக் கண்ணாடியை வைத்தாள் கயல். புள்ளி. எல்லோரும் கைதட்டினார்கள். பஷீர் இல்லை.

சேகரைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தான். நேரே பேராசிரியர் அம்மாவிடம் போனேன்.

"கண்ணாடில பொட்டு வெச்சது என் புள்ள. தொடச்சதும் அவன்தான். பஷீர கூப்டுங்க."

"ஆமாங்க மேடம்" என்று சேகர் அங்கேயே அழுதான். அவர் உடனே போன் போட்டார். பஷீர் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

கயல் பக்கம் திரும்பினார். "மைக்ராஸ்கோப்ல பாத்தேன், ஒண்ணும் தெரியலன்னு சொன்னியே?"

கயல் தலை குனிந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "குங்குமம் தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது ஆயா. அன்னிக்கே."

"யாருன்னு?"

"குங்குமத் தட்டு நைனா கைலதான இருந்துது. நைனாவ எப்பிடி ஆயா காட்டிக் குடுப்பேன்?"

"அதுக்கு அவனக் குடுத்தியா?"

திருப்போரூர் வரும்வரை ஜன்னலையே பார்த்தாள்.

சேகர் பயந்தாங்கொள்ளி, சின்ன வயதிலிருந்தே. விட்டேன். பேராசிரியர் அம்மா பிறர் சொன்னதை நம்பினார், அவரையும் விட்டேன். தெரிந்தும் பக்கத்திலேயே நின்று அந்தப் பிள்ளை வெளியே போவதைப் பார்த்தவளை மட்டும் விடமாட்டேன். என் மூன்று பிள்ளைகள் பெற்ற பேரப்பிள்ளைகளில் எனக்கு உசிரானவள்.

கயல்.