வாசல் நாற்காலி

பின்கட்டு அலமாரியை ஒழிக்கத் திறந்தேன். உன் தைல வாடை குப்பென்று அடித்தது. வலக்கைக்குத் தேய்த்துக்கொண்ட பாட்டில், அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு இருக்கிறது. மூடி இறுகவில்லை. ஒற்றைக் கையால் மூடினால் அவ்வளவுதான் இறுகும்.

மாடவீதியில் நாம் கூட்டாகப் போட்ட பாத்திரக்கடை பதினாறு வருஷம் நீ வாசலில், நான் கல்லாவில் என்றுதான் ஓடியது. "வாங்கக்கா, உள்ள வாங்க! வாங்காட்டி இன்னா, பாத்துட்டுப் போங்க!" பாதிக் கூட்டம் அந்தக் குரலுக்குத்தான் படியேறியது.

பக்கவாதம் வந்து எட்டு மாதத்தில், சிந்தாதிரிப்பேட்டை வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து நீயே வந்து இறங்கினாய். பேச்சு திரும்பியிருந்தது, காலை இழுத்து இழுத்து நடந்தாய். வலது கை மட்டும் வரவில்லை. கல்யாணச் சீர் வாங்க வந்த ஓர் அம்மாளிடம் குத்துவிளக்கை இடக்கையால் நீட்டினாய். "நல்ல காரியத்துக்கு வாங்கிண்டு போறோம், எடது கையாலயா குடுப்பா?" என்றாள். நான் எழுந்து வந்து, விளக்கை உன்னிடமிருந்து வாங்கி, என் வலக்கையால் கொடுத்தேன்.

மறுநாளே உன் நாற்காலியைப் பின்கட்டில் போட்டேன். "அங்க ஃபேன் கீது, நிம்மதியா குந்து" என்றேன். வியாபாரி பேச்சு.

அங்கே உட்கார்ந்து டம்ளர் அடுக்கினாய். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் ஸ்பூனை எடுப்பாய். கல்யாணப் பத்திரிகை வந்தால், "பந்தியில எடது கையால துன்னா பக்கத்துல கீறவன் எழுந்து பூடுவான். நீயே போய்ட்டு வா" என்பாய். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஒரே ஒரு தடவை கேட்டாய். "நைனா, நா எதையும் எடுத்துக் குடுக்கல. வாசல்ல குந்திகினு வர்றவங்கள கூப்புட்றேன். வாய் நல்லாத்தானே கீது?"

"சீசன் போவட்டும், பாக்கலாம்" என்றேன்.

தை முகூர்த்தம் போயிற்று. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, எல்லாம் போயிற்று. நம் தொழிலில் சீசன் என்றைக்கு முடிந்திருக்கிறது? உனக்கும் தெரியும். "உன் சீசன் முடியறதுக்குள்ள நா முடிஞ்சிடுவேன்டா" என்று சிரித்துவிட்டுப் போனாய். அதற்கப்புறம் கடைக்கு வரவில்லை. மாசியில் இரண்டாம் தடவை தாக்கியது. ஒரே நாளில் முடிந்துவிட்டது.

பழைய வாடிக்கைக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள், "வாசல்ல கூப்புடுவாரே, அவர் எங்க?" என்று. பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரரும் கேட்டார். உன் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஓர் அம்மாள் முகம் சுளித்ததை ஊரே சுளித்ததாக எடுத்துக்கொண்டேன். சரக்கு விஷயத்தில் ஒருநாளும் நான் இப்படி ஏமாந்ததில்லை.

வாசலுக்கு இரண்டு ஆள் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. இப்போது நானே நின்று கூப்பிடுகிறேன். தொண்டை காய்கிறது, கால் கடுக்கிறது. எப்போதாவது யாராவது சிரித்துக்கொண்டு படியேறி வருவார்கள். அந்த நிமிஷம் மனசுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது தெரியுமா? உனக்குத் தெரியும். அதைத்தான் கேட்டாய். நாற்காலியை இருபது அடி முன்னால் நகர்த்தியிருக்க வேண்டும். நான் நகர்த்தவில்லை.